வால் முளைச்ச பானை

இன்னா பேராண்டி, மலையை விட்டு இறங்கிப் பெங்களூரு போயி மூணு வருசம் ஆவுது, திரும்பி வரச்சொல்ல ஒரு பானையைத் தூக்கினு வந்துட்ட. எங்க காலத்துல புளியும் கடுக்காயும் கீழ போவும், உப்பும் பானையும் மேல வரும். இப்பவும் அதே கதைதான். பானைக்கு வால் முளைச்சிருக்கு, அவ்ளோதான்.

திருப்பத்தூர்ல பஸ் ஏறி, புதூர்நாட்டு வளைவு பூரா அதை மடியில வச்சுப் பச்சப்புள்ள மாதிரி அணைச்சுகினு வந்தியாமே. பக்கத்துல குந்தினு வந்த கெழவி, ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு கேட்டாளாம். வாசல்ல இறக்கி வச்சு நீ சொன்னது இன்னும் காதுலயே கீது. "தாத்தா, இது ஸ்லோ குக்கர். காலையில போட்டா சாயங்காலம் வெந்திருக்கும்." நான் ஒண்ணியும் சொல்லல. உன் பாட்டிதான் சொன்னா: "காலையில சொன்னது சாயங்காலம் நடக்கணும்னா உங்க தாத்தா கீறாரே, அதுக்கு எதுக்குடா காசு குடுத்து வாங்கின?"

ஞாயித்துக்கிழமை நடந்த கூத்தை இந்த நெல்லிவாசல்நாடே சொல்லிச் சிரிக்குது, நானும் ஒரு வாட்டி சொல்லிக்கிறேன். நாடுன்னு பேருதான் பெருசு. இந்த முனையில தும்மினா அந்த முனையில ஆயுசு நூறும்பாங்க. கீழ இருந்து வாங்கினு வந்த பிராய்லர் கோழி. வெங்காயம் பச்சையா, தக்காளி பச்சையா, மிளகாத்தூளும் மல்லித்தூளும் பச்சையா, அதுமேல ரெண்டு சொம்புத் தண்ணி. பொத்தானைத் திருவி உட்டுட்டு, கூட்டாளிங்களோட பீமன் மடவு அருவிக்குக் கெளம்பிட்ட. பதினோரு மணிக்குக் காத்து புடிச்சுது. இங்க காத்தடிச்சா மரம் சாயும், மரம் சாஞ்சா கம்பி அறும், கரண்டு மலையை விட்டு நடந்தே இறங்கிடும். சாயங்காலம் நீ வந்து மூடியைத் தொறந்தா, கோழி உள்ள குளிச்சுகினு கீது. பச்சைன்னும் சொல்ல முடியல, வெந்ததுன்னும் சொல்ல முடியல, உன் கல்யாணப் பேச்சு மாதிரி. நாய்க்கு வச்ச. அது மோந்து பாத்துச்சு, அப்பால உன் மூஞ்சியைப் பாத்துச்சு, எழுந்து பக்கத்து வூட்டுக்குப் போயிடுச்சு.

நாய்க்குத் தெரிஞ்சது அந்தப் பெட்டிக்குள்ள இருந்த புஸ்தகத்துலயும் எழுதிக்கீதாம். நீ பிரிக்கவே இல்ல, உன் தங்கச்சியை உட்டுப் படிக்கச் சொன்னேன். 5 டிகிரிக்கு மேல, 60 டிகிரிக்குக் கீழ கறி கெடந்தா கிருமிக்குத் திருவிழாவாம். வெதுவெதுன்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கெடந்த கறியைத் திரும்பச் சூடு பண்ணித் திங்கலாம்னு நெனக்காதன்னு படிச்சா. ஐஸ் கட்டியா இறுகின கோழியை அப்படியே உள்ள போடக் கூடாதாம், அது உருகி முடியறதுக்குள்ள கெட்டுப் பூடும். கோழி வெந்துச்சான்னு பாக்கணும்னா, எலும்புப் பக்கத்துச் சதையில சூடு 74 டிகிரி ஏறி இருக்கணுமாம். எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தொடையில குச்சியை வச்சுக் குத்துனா வர்ற தண்ணி செவப்பா இருக்கக் கூடாது, அவ்ளோதான். ஆனா கரண்டு போற ஊர்ல கோழியை விட்டுட்டு அருவிக்குப் போவாதன்னு அந்தப் புஸ்தகத்துல எழுதல. அதை எழுதறவன் நம்ம மலைக்கு வந்திருக்க மாட்டான்.

சரி, கிண்டல் போதும், விசயத்துக்கு வர்றேன். உன் பானையை நான் ரெண்டு நாளா சுத்திச் சுத்திப் பாத்தேன். இது எனக்குப் புதுசு இல்ல. நம்ம மண்ணடுப்புல பெரிய வாயி ஒண்ணு, அதுக்குப் பக்கத்துலயே சின்ன வாயி ஒண்ணு கீது பாரு, அதுக்கு இன்னா பேரு? கொடியடுப்பு. அதுக்குன்னு தனியா விறகு வைக்கறது இல்ல. பெரிய அடுப்புல எரியற தீயோட மிச்சம் உள்ளாற ஓடி வந்து அதைச் சூடு பண்ணும். ரசம் ஆறாம இருக்கறதும், பால் ஆடை கட்டறதும், குழம்பு சுண்டறதும் அங்கதான். உங்க கம்பெனிக்காரன் அந்தக் கொடியடுப்பை மட்டும் பேத்து எடுத்து, வாலை மாட்டி வித்துட்டான். பெரிய அடுப்பைக் குடுக்கல. நீயும் கேக்கல. உன் தப்பு முழுசும் அங்கதான் கீது.

கொடியடுப்புல யாருனா தாளிப்பாங்களா? தண்ணி இருக்கற பானை வேக வைக்கும், வறுக்காது. எத்தனை மணி நேரம் ஓடினாலும் அதுக்குள்ள சூடு கொதிநிலையைத் தாண்டாது. வெங்காயம் செவக்கறதுக்கும், மல்லி வாசனையை உடறதுக்கும், மிளகாத்தூளோட பச்சை நெடி போறதுக்கும் அதைவிட ரொம்பச் சூடு வேணும், எண்ணெயும் வேணும். பச்சையா போட்ட மசாலா எட்டு மணி நேரம் கழிச்சும் பச்சையாவே எழுந்து வந்து உனக்கு வணக்கம் சொல்லும். அதனால மொதல்ல இரும்புச் சட்டியை வை. கடலெண்ணெய் ஊத்து. சோம்பு, கறிவேப்பிலை, அப்பால சின்ன வெங்காயம். பெரிய வெங்காயம் வாணாம்னு சொல்லல, அது பெங்களூருக்குப் போதும். இஞ்சி பூண்டு நெடி போவணும், தக்காளி கரையணும், தூளைப் போட்டு எண்ணெய் ஓரத்துல பிரியற வரைக்கும் வதக்கணும். கோழியையும் அதுலயே போட்டு ஒரு பொரட்டு பொரட்டு. இருபது நிமிச வேலை. அப்பால எல்லாத்தையும் வழிச்சு உன் வால் பானையில கொட்டு. கிராம்பு பட்டையைப் பாதியாக் குறை. மெதுவா வேவறதுல அதுங்க ரொம்பப் பேசும்.

தண்ணியா? அரை டம்ளர். கண்ணை உருட்டாத. விறகடுப்புல ஊத்தற தண்ணியில பாதி ஆகாசத்துக்குப் போவும். உன் பானையில ஆவி மூடியில முட்டித் திரும்ப உள்ளாறயே விழுது. கோழியும் தக்காளியும் வேற தண்ணி உடும். நீ ரெண்டு சொம்பு ஊத்தின, அதுல மீனு வளக்கலாம்.

இப்ப கோழி சமாச்சாரம். இதுல நீ என் பேச்சைக் கேட்டே ஆவணும். அந்தப் பிராய்லர் கோழி பொறந்து கடைக்கு வர்றதுக்கு 35 நாளு, மிஞ்சிப் போனா 42 நாளு. ஐயப்பனுக்கு மாலை போட்டவன் விரதமே ஒரு மண்டலம், 41 நாளு. அவன் விரதம் முடியற நேரத்துக்கு இது பொறந்து, வளந்து, குழம்பாவே ஆயிடுது. அந்தப் பிஞ்சு ஒடம்பை எட்டு மணி நேரம் வேக வச்சா இன்னா ஆவும்? நெஞ்சுக்கறி பஞ்சாப் பூடும், எலும்பைத் தனியா பொறுக்கணும். பிராய்லர்தான் கெடைச்சுதுன்னா தோலை எடுத்துடு, எலும்போட தொடையா வாங்கு, குறைஞ்ச சூட்டுல மூணு நாலு மணி நேரத்துல எறக்கிடு. அதுக்கு உங்கம்மா பிரஷர் குக்கர்லயே ரெண்டு விசில் உடுவா, நீ குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆயிடும். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். விசில் அடிக்கிற குக்கருக்குள்ள சூடு 120 டிகிரி போவுதாம், அவசரக்காரனுக்கு அது போதும்.

உன் பானைக்குன்னே பொறந்தது வேற ஒண்ணு. கொட்டாயி மேல ஏறி விடியக்காலம் கூவி உன் தூக்கத்தைக் கெடுக்குதே, அந்தச் சேவல். ஒண்ணரை வயசு, கால்ல முள்ளு வளந்திருக்கு, இந்த மலையில அது ஏறாத பாறை இல்ல. அதோட தொடை, கால் எல்லாம் நரம்பும் சவ்வும். அவசரத் தீயில போட்டா செருப்பு. மெதுவா, கொதியா கொதிக்காத மாதிரி ஆறு மணி, ஏழு மணி நேரம் உட்டா அந்தச் சவ்வு உருகிச் சாறோட கலந்துடும். குழம்பு ஒதட்டுல ஒட்டும். அறுத்து எறக்கைய புடுங்கி, மஞ்சள் தடவி, வைக்கோல் தீயில வாட்டி, தோலோட வெட்டு. நம்ம மலையில இன்னொரு கணக்கும் கீது. காவலூர் 725 மீட்டர் உசரமாம், அந்த உசரத்துல தண்ணி 100 டிகிரிக்கு ரெண்டு ரெண்டரை டிகிரி கம்மியிலயே கொதிச்சுடும். பெங்களூரு அதைவிட உசரம், அங்க இன்னும் கம்மி. கீழ சமவெளியில இருக்கறவன் சொல்ற நேரத்தோட அரை மணி சேத்து வையி.

காவலூர்னு சொன்னதும் ஞாபகம் வருது. அங்க கீற வானாராய்ச்சி நிலையத்தை 1968ல சின்ன தொலைநோக்கி ஒண்ணை வச்சு ஆரம்பிச்சாங்க. அப்பால 1986ல ராஜீவ் காந்தி வந்து அதுக்கு விஞ்ஞானி வைணு பாப்பு பேரை வச்சாரு. 93 அங்குலக் கண்ணாடி. ஒரே ஒரு நட்சத்திரத்துக்காக ராத்திரி பூரா விளக்கை அணைச்சுட்டுக் குந்தினு கீறாங்க. அவசரப்பட்டு டார்ச் அடிச்சு, வந்துச்சான்னு பாக்கறானா எவனாச்சும்? நீ இன்னான்னா, அரை மணிக்கு ஒருக்கா மூடியைத் தூக்கி "வாசனை பாக்கறேன் தாத்தா"ங்கற. ஒரு வாட்டி தொறந்தா, போன சூடு திரும்ப வர்றதுக்கு இருபது முப்பது நிமிசம் ஆவும். பத்து வாட்டி தொறந்தா உன் கோழி தீபாவளிக்குத்தான் வேவும். தேங்காப்பால் ஊத்தறதுன்னா மட்டும் கடைசி அரை மணியில ஒரு வாட்டி தொற. மொதல்லயே ஊத்தினா திரிஞ்சு பூடும். தயிரும் அப்படித்தான்.

நேத்து ராத்திரி நீ போன்ல படிச்சுக் காட்டினியே, அந்த அமெரிக்காக்காரன் கதை, இர்விங் நாக்சன். அது எனக்குப் புடிச்சுது. அவனோட அம்மா சின்ன வயசுல லித்துவேனியாவுல இருந்தாளாம். அவங்க யூதருங்க, சனிக்கிழமை அடுப்பு பத்த வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள கறியும் பயறும் போட்ட சட்டியை ரொட்டிக்கடைக்காரன் அடுப்புல வச்சுட்டு வந்துடுவாங்களாம். அடுப்பு அணைஞ்சாலும் அந்தச் சூட்டுலயே ராத்திரி பூரா வெந்து கெடக்கும். அந்தக் கதையைக் கேட்டவன், கரண்டுல அதே மாதிரி ஒரு சட்டியைப் பண்ணி 1940ல காப்புரிமை வாங்கினான். 1970ல இன்னொரு கம்பெனி அதை வாங்கி, அடுத்த வருசம் கிராக் பாட்னு பேரு வச்சு வித்து ஊரெல்லாம் பரப்புச்சு. ஆக, அங்கயும் இது ஒரு கெழவியோட சட்டிதான். அவளுக்காச்சும் ஒரு நாளுதான் அடுப்பு மூட்டத் தடை. உனக்கு வாரம் ஏழு நாளும் சனிக்கிழமை.

கரண்டு செலவைப் பத்தி உங்கப்பன் மூக்கால அழுதான். அவனுக்கு நான் கணக்கு சொன்னேன். பானை 200 வாட்டுன்னு அடியில எழுதிக்கீது. எட்டு மணி நேரம் ஓடினா 1.6 யூனிட். 2016ல இருந்து வூட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் சும்மா குடுக்கறாங்க. அதுல ஒரு சேவலுக்குப் பங்கு கெடையாதா? 2011ல அரசாங்கம் சும்மா குடுத்த மிக்சியைக் கூட உன் பாட்டி தொடாம அம்மியிலயே அரைச்சாளே, அந்த மிச்சமும் சேத்துக்கோ.

ஒண்ணு மறந்துட்டேன். உன் கூட்டாளி செவப்பு ராஜ்மாவை இதுல நேராப் போடப் போறேன்னு சொன்னானே, அவனைத் தடுத்து நிறுத்து. அந்தக் கொட்டையில ஒரு நஞ்சு கீது. ராத்திரி ஊற வச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, வேற தண்ணியில பத்து நிமிசமாச்சும் தளதளன்னு கொதிக்க வச்சு அப்பால போடணும். மெதுவான சூடு அந்த நஞ்சை முறிக்காது. இல்லன்னா வாந்தி எடுத்தே அவனுக்கு நம்ம மலை மறக்காது.

நாளைக்குச் சேவலை அறுத்துடலாம். உன் பாட்டி கேவுறு களி கிண்டறேன்னா. களியை உருட்டித் தட்டுல வச்சு, நடுவுல குழி பண்ணி, அதுல ஒட்டற குழம்பை ஊத்தினா, நீ பெங்களூருல துன்னதெல்லாம் மறந்து பூடும். காத்து அடிக்காத வரைக்கும் நான் பானைக்குக் காவல் குந்தறேன்.

அப்புறம் பேராண்டி, கொஞ்சம் கிட்ட வா. நீ ஊருக்குப் போவச்சொல்ல அந்தப் பானையைத் தூக்கினு போவாத. புள்ள மாதிரி மடியில வச்சுகினு அந்த வளைவெல்லாம் ஏன் கஷ்டப்படற? இங்கயே கெடக்கட்டும். பாட்டிக்கு ஊதுகுழல் புடிச்சு ஊதினா இப்பல்லாம் இருமல் நிக்கறது இல்ல, புகையில கண்ணு வேற தண்ணியா வடியுது. நான் சொன்னேன்னு சொல்லாத. அவளா கேட்டா மாதிரி, கொள்ளை ஒரு கொதி உட்டு ராத்திரி அதுல போட்டுட்டுப் படுத்தா காலையில ரசத்துக்கு ஆவும் ஆயான்னு நீயே சொல்லு. நான் வழக்கம்போலத் திட்டுவேன், நீ கண்டுக்காத. வால் மட்டும் குட்டை, சுவத்துப் பொத்தான் வரைக்கும் எட்டல. அடுத்த வாட்டி வரச்சொல்ல நல்ல தடியான ஒயரு வச்ச பெட்டி ஒண்ணு வாங்கினு வா.