நோட்டிபிகேஷன் பெரியப்பா

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் இருப்பார். மாசம் பிறந்தால் பென்ஷன், வேளை தவறாமல் சர்க்கரை மாத்திரை. தீராத ஒரே சங்கதி பொழுது. அதை அப்படியே தம்பி மகன் தலையில் இறக்கி, அவனுக்கு வேலை தேடப் புறப்பட்டுவிடுவார்.

அவர் காலத்தில் வேலை தேடுவதென்றால் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்துவிட்டு, தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருப்பதுதான். 1997-இல் நௌக்ரி டாட் காம் தொடங்கியபோது அவர் ஆபீசில் டைப்ரைட்டர்தான் தட்டிக்கொண்டிருந்தது. இன்று அந்த நௌக்ரியில் பையனின் பாஸ்வேர்டு பையனுக்கு மறந்துவிட்டது, பெரியப்பாவுக்கு மனப்பாடம். தினமும் காலையில் அவன் பயோடேட்டாவில் ஒரு முற்றுப்புள்ளியை எடுப்பார், மறுநாள் வைப்பார். "அப்டேட் பண்ணிக்கிட்டே இருந்தாத்தான்டா ஆள் எடுக்கிறவன் கண்ணுல மேல நிப்ப!"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் விழும் முதல் செய்தியும் அவருடையதே: 'குரூப் 4 அறிவிப்பு. கடைசித் தேதி கவனிக்கவும்.' தகுதி பொருந்துகிறதா என்பதெல்லாம் அப்புறம். பி.காம். படித்தவனுக்கு வெல்டர் வேலையும் வரும். கேட்டால், "தெரிஞ்சு வச்சுக்கிறதுல என்ன நஷ்டம்?"

டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், 5 வருஷம் செல்லும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். பையனின் போன் எடுத்ததோ 4 எம்பி. பெரியப்பா சுருக்குவார். 51 என்று காட்டும். ஓரத்தை வெட்டுவார். 19 ஆகிவிடும். "சனியன்!" மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக 49-இல் நின்றதும் வெற்றிக் களிப்போடு காபி கேட்பார். படத்தில் பையனுக்குக் காது இரண்டும் இல்லை என்பதைக் காபி கொண்டுவந்த அம்மாதான் கவனிப்பாள்.

வங்கித் தேர்வு இன்னும் விசேஷம். கையெழுத்தோடு, கைப்பட எழுதிய ஆங்கில உறுதிமொழியும் இடது கைப் பெருவிரல் ரேகையும் ஏற்ற வேண்டும். கடைசி நாள் மத்தியானம். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பையன் குறட்டையில் இருக்கிறான். பெரியப்பா ஸ்டாம்ப் பேடோடு பூனை நடை போட்டு அவன் விரலைப் பிடித்து அழுத்த, திண்ணையிலிருந்து பாட்டி பார்த்துவிட்டாள்.

"ஏண்டா, புள்ள தூங்கயில கைநாட்டு வாங்குறியே, எந்த நெலத்த எழுதிக்கிற?"

லிங்க்ட்இன்னிலும் அவருக்குக் கணக்கு உண்டு. 'வேலைக்குத் தயார்' என்ற பச்சை வளையத்தைப் பையன் படத்துக்கென்று நினைத்துத் தன் படத்துக்கே மாட்டிக்கொண்டார். முன்பின் தெரியாத எச்.ஆர். அம்மணிகளின் பதவி உயர்வுக்கெல்லாம் 'மென்மேலும் வளர்க' என்று வாழ்த்துவார்.

ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: அவரை எவனும் ஏமாற்ற முடியாது. 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், டெபாசிட் கட்டவும்' என்று ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து கடிதம் வந்தால், "சம்பளம் குடுக்கப் போறவன் நம்மகிட்ட எதுக்குடா காசு கேக்குறான்?" என்பார். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. தெருவில் நாலு பையன்களின் பணம் அப்படித்தான் தப்பியது.

கடைசியில் பையனுக்கு வேலை கிடைத்தே விட்டது. எந்தத் தளத்திலும் இல்லை. கூடப் படித்தவன் தன் கம்பெனியில் ரெஃபர் செய்தான். வீடெல்லாம் கேசரி வாசனை. பெரியப்பா மட்டும் வேலை போனவர்போல உட்கார்ந்திருந்தார். ஆர்டரை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தவர், மூன்றாம் பக்கத்தில் சட்டென்று நிமிர்ந்தார்.

"டேய், நோட்டீஸ் பீரியட் 90 நாளாம்! அடுத்த வேலைக்கு இன்னைக்கே தேட ஆரம்பிச்சாத்தான் சரியா வரும். அந்தப் போன எடு."