கல்யாண ஆல்பமும் புது விண்டோஸும்

கேள்வி: கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது. விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். மகள் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அழியாமல் போட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' என்ற வசதி உண்டு. அதை அழுத்தினால் இரண்டு வழிகள் காட்டும்: 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்'. ஆல்பம் பிழைக்க வேண்டுமென்றால் விரல் முதலாவதில்தான் விழ வேண்டும். படங்கள் தங்கும்; நீங்களாகப் போட்ட மென்பொருள்கள் போய்விடும், அவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய சொந்தக் கோப்புகளையே துடைத்துவிட்டது. சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்திய நிறுவனம், பிழையைத் திருத்தி நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. மாப்பிள்ளையைத் திரும்பத் தாலி கட்டச் சொல்ல முடியாதே! அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். நாலைந்து படங்களை அதிலிருந்தே திறந்து பாருங்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பவற்றை மறந்துவிட வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.

டிரைவ், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், "ஃபார்மட் பண்ணுங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தெந்த ஃபோல்டர் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.