பெருவிரல் எல்லைத் தகராறு: உள்வளர் நகம் குறித்த ஓர் ஆராய்ச்சி

மனித உடலின் கடைக்கோடி மாகாணமாகிய காற்பெருவிரலில், நகத்துக்கும் அதன் இருமருங்கிலும் வரப்பாக உயர்ந்து நிற்கும் நகமடிப்புச் சதைக்கும் இடையே மூளும் எல்லைத் தகராறே உள்வளர் நகம் எனப்படுவது. நகத்தின் ஓரம் வரப்பைக் கீறி உள்ளிறங்க, சதை அதனை அந்நியப் பொருளாகவே கருதிச் சிவந்து வீங்குகிறது. இதனை நகச்சுத்தியோடு குழப்பிக்கொள்வோர் உளர். நகச்சுத்தி என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து உண்டாவது. பெரும்பாலும் கைவிரல்களில் வருவது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொள்ளும் மரபுக்கு உரியது. காற்பெருவிரல் புகத்தக்க எலுமிச்சை சந்தையில் அரிது. நாரத்தையைக் கொண்டு எவரேனும் ஆய்வு நிகழ்த்தினரா என்பது தெரியவில்லை.

நகம் வெட்டுவோரை நேர்வெட்டார், வளைவெட்டார் என இரு பிரிவினராகப் பகுக்கலாம். விரலின் வடிவுக்கேற்ப நகமும் வளைந்திருப்பதே அழகெனக் கொள்ளும் வளைவெட்டார், மூலையை ஆழமாகச் சீவும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு முள்ளைச் சதைக்கு அடியில் விட்டுவிடுகின்றனர். காலின் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே வளர்வதால், அம்முள் சதையைத் தொட வாரங்கள் பிடிக்கின்றன; வினைக்கும் பயனுக்கும் இடையே இத்துணை நாள் கழிந்துவிடுவதாலேயே வெட்டியவர் தம்மை ஐயுறாமல் புதிய ஷூவை ஐயுறுகிறார். முன்பக்கம் குறுகிய ஷூவும் குற்றவாளிதான், எனினும் பல வழக்குகளில் அது உடந்தை மட்டுமே. வலி தொடங்கியதும் அவர் ஊக்கின் முனையாலோ பிளேடாலோ மூலையை மேலும் தோண்டி, சில நாள் சுகம் கண்டு, முன்னினும் ஆழத்தில் மற்றொரு முள்ளை நட்டுவைக்கிறார். நோயாளியே தம் நோய்க்கு முதல் மருத்துவராகவும் முதற்காரணராகவும் விளங்குவது இந்நோயின் தனிச்சிறப்பு. செவ்வாய், வெள்ளிகளிலும் விளக்கு வைத்த பின்பும் நகம் வெட்டலாகாது என்னும் வீட்டுச் சட்டம் நாளை வரையறுத்ததேயன்றிக் கோணத்தை வரையறுக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

நகத்தின் நடுவில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு வெட்டினால் ஓரங்கள் நடுவை நோக்கி இழுபடும் என்பாரும் உண்டு. நகம் வளர்வது தோலுக்கடியிலுள்ள நகவேரிலிருந்தே. நுனி உயிரற்ற தகடாதலின், அதில் எவ்வடிவம் செதுக்கினும் வேருக்குச் செய்தி எட்டாது.

1937ஆம் ஆண்டில் ஹைஃபெட்ஸ் என்பார் இந்நோயை மூன்று நிலைகளாக வகுத்தார்: சிவந்து வீங்குவது முதல் நிலை, சீழ் வைப்பது இரண்டாவது, தொட்டாலே குருதி கசியும் புதுச்சதை நகத்தின்மேல் படர்வது மூன்றாவது. முதல் நிலையில் வெந்நீரில் காலைக் கால்மணி நேரம் நாளுக்குச் சிலமுறை வைத்து, ஈரம் போகத் துடைத்து, நகமூலைக்கு அடியில் சிறு பஞ்சுத்திரியை இட்டு நாள்தோறும் மாற்றிவந்தால், நகம் வரப்பைக் கடந்து வெளியே வளர்ந்துவிடக்கூடும். மஞ்சளை அப்புவதால் சிவப்பு மறைகிறது, வீக்கம் மறைவதில்லை. நீரிழிவு உள்ளோர்க்கு இவ்வீட்டு வைத்தியமும் ஆகாது. உணர்ச்சியும் குருதியோட்டமும் குன்றிய காலில் சிறு கீறலும் ஆறாப் புண்ணாகக் கூடுமாதலின், அவர்கள் முதல் நாளே மருத்துவரை நாடவேண்டும்.

பிந்திய நிலைகளில் மாத்திரை மட்டும் போதாது, முள் உள்ளேயே இருப்பதால். மருத்துவர் விரலின் அடியில் ஊசியிட்டு மரத்துப்போகச் செய்து, நகத்தின் ஓரத்தை நெடுக்குவாட்டில் கீற்றாக வெட்டியெடுத்து, அப்பகுதி வேரில் ஃபீனால் தடவி மீண்டும் முளைக்காதவாறு அழித்துவிடுகிறார். கார்பாலிக் அமிலம் என்ற பெயரில் 1865இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் புண்களைக் காக்கப் பயன்படுத்திய அதே ஃபீனால்தான் இங்கே நகவேரைச் சுட்டெரிக்கும் பணிக்கு இறங்கியிருக்கிறது. நகம் சற்றே குறுகிப்போவது ஒன்றே இழப்பு. புண் ஓரிரு வாரங்களுக்கு மேலும் கசியுமாதலால், அக்காலமெல்லாம் அலுவலகத்துக்குச் செருப்பணிந்து வர எழுத்து மூலம் அனுமதி கிடைக்கிறது. கசிவு நின்ற பின்னரும் அவ்வனுமதியைத் திருப்பிக் கொடுத்தவர் அரியர்.