போர்வைக்குள் நீராவி: தமிழ் இல்லங்களில் ஆவி பிடித்தல் குறித்த ஓர் ஆய்வு

பின்னணி: மூக்கைச் சுற்றி 4 ஜோடி காற்றறைகள் உள்ளன. அவற்றுள் கன்னத்து அறையின் வடிகால் துளை, அடியில் இருக்க வேண்டியது, உச்சியில் இருக்கிறது. நம் ஊர் மழைநீர் வடிகாலைக் கட்டிய ஒப்பந்ததாரரே இதையும் கட்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் துணிபு. சளி தேங்கிக் கன்னம் கனத்ததும், நோயாளியைச் சுற்றி வைத்தியம் சொல்வோர் திரள்கின்றனர்.

கருதுகோள்: மூக்கடைப்பைத் தீர்ப்பது ஆவியன்று, போர்வையை விட்டு வெளியேறும் ஆவல்.

கருவிகள்: சோறு வடிக்கும் குண்டான், ஒரு கைப்பிடி நொச்சி இலை, சிட்டிகை மஞ்சள்தூள், வீட்டிலேயே கனத்த போர்வை, காவலுக்கு ஓர் அம்மா. நொச்சி கிடைக்காத அடுக்ககங்களில் நீலகிரித் தைலமோ மென்தால் களிம்போ ஏற்கத்தக்கது. அம்மாவுக்கு மாற்று இல்லை.

செய்முறை: ஆவி முகத்தில் அறைந்ததும் போர்வையின் ஓரம் ஒரு விரற்கடை உயரும். வெளியிலிருந்து ஒரு கை அதை உடனே அமுக்கும். "அதுக்குள்ள என்ன? இன்னும் கொஞ்ச நேரம் இரு!" இந்தக் கொஞ்ச நேரம் எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டதன்று.

முடிவுகள்: வியர்த்து வெளியே வருவோர் அனைவரும் "இப்பப் பரவால்ல" என்றே வாக்குமூலம் தருகின்றனர், மறுத்தால் இரண்டாம் சுற்று உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். மென்தாலோ அடைப்பை நீக்குவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டி, மூக்கு திறந்துவிட்டதாக நம்பவைக்கிறது. அந்த ஏற்பியை 2002இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே இனங்கண்டனர். வெப்பம், தொடுகை ஆகியவற்றை உணரும் ஏற்பிகள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. போர்வையைப் பிடித்திருந்தவருக்குக் காலிக் குண்டானைக் கழுவும் வாய்ப்பு கிடைத்தது.

எதிர்த்தரப்பு: மருத்துவர்கள் கூடுதலாக ஆதரிப்பது உப்புநீரால் மூக்கைக் கழுவுவதை. அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரே வேண்டும். குழாய்த் தண்ணீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கக்கூடும். இம்முறையில் போர்வைக்கு வேலையில்லாததால் வீட்டுப் பெரியவர்கள் இதை வைத்தியமாகவே ஏற்பதில்லை.

பரிந்துரை: ஆவியில் ஆறுதல் உண்டு, ஆபத்தும் உண்டு. குண்டானை மடியிலோ கட்டிலிலோ வைக்காதீர்கள், கவிழ்ந்தால் வெந்துபோகும். குழந்தைகளைப் போர்வைக்குள் தள்ளாதீர்கள். அடைப்பு 10 நாளுக்கு மேல் நீடித்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, காய்ச்சல் ஏறினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பக்கத்து வீட்டு மாமியின் கருத்தை, மருந்துச்சீட்டு வாங்கிவந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.