பேராண்டி எழுதின 140 பக்கம்

வாலே பேராண்டி, உக்காரு. புதுசா ஒரு பிளாக்செயினுக்கு நெறிமுறை எழுதிட்டியாமே, 140 பக்கமாமே! சடோஷி நகமோட்டோங்கிற ஆளு 2008-ல பிட்காயினுக்கு எழுதினது வெறும் 9 பக்கம். யாருன்னே இன்னைக்கு வரை ஊருக்குத் தெரியலை. இத்தனூண்டு எழுதிட்டோமேன்னு வெக்கப்பட்டு ஒளிஞ்சிருப்பான், பாவம்.

நீ சிக்கலாவே எழுதுலே. எளிமையா எழுதினா எவன் உன்னை மேதாவிம்பான்? வாசிக்கிறவன் பாதியிலேயே கும்பிட்டு மூடி வச்சிரணும். ஒருத்தன் மட்டும் ஒரு வரி விடாம கடைசி வரைக்கும் வாசிப்பான். களவாணிப் பய.

2016-ல டாவ்னு, எத்தீரியம்ங்கிற பிளாக்செயின் மேல ஒரு கூட்டு நிதி ஆரம்பிச்சாங்க. மேனேஜர் கிடையாது, நிரல்தான் சட்டம்னு பெருமை. நான் கூட்டுறவு சொசைட்டியில கேஷியரா இருந்தவன். பணம் கேட்டு வந்தா முதல்ல லெட்ஜர்ல கழிப்போம், அப்புறந்தான் கையில காசு. அந்த நிரல் காசை முதல்ல குடுத்துட்டு அப்புறம் கழிச்சுது. காசு கைக்கு வந்த நொடியிலேயே, கழிக்கதுக்கு முந்தியே, 'இன்னொருக்கா குடு'ன்னு கேக்கிற மாதிரி ஒருத்தன் நிரல் எழுதி விட்டான். லெட்ஜர்ல இருப்பு அப்படியே நிக்கி; குடுத்துது. மறுபடி கேட்டான், மறுபடியும் குடுத்துது. ஜூன் 17-ம் தேதி எத்தீரியம் காசான ஈத்தர் 36 லட்சம் போயிட்டு. அதை மீட்க ஜூலையில சங்கிலியோட விதியையே மாத்தினாங்க. ஒத்துக்காதவங்க எத்தீரியம் கிளாசிக்னு தனிக்குடித்தனம்.

தப்பு டாவ் நிரல்ல, நெறிமுறையில இல்லைம்பே. வாஸ்தவம். ஒரு நிரல் இன்னொண்ணைக் கூப்பிட, அது திரும்பி இதையே கூப்பிட வாசலைத் திறந்து வச்சது யாரு? பிட்காயின் ஸ்கிரிப்ட்ல லூப்கூட கிடையாது. அதனால அதுல செய்ய முடியாதது எக்கச்சக்கம், அதையும் சொல்லணும். அது மட்டும் யோக்கியமா? மொத்தமே 2.1 கோடிக் காசுதான்னு சத்தியம் பண்ணின இடத்துல, 2010 ஆகஸ்ட் 15-ல கூட்டல் வழிஞ்சு ஒரே பரிவர்த்தனையில 18,400 கோடிக்கு மேல முளைச்சுது. சில மணி நேரத்துல ஒட்டுப் போட்டுட்டாங்க.

மறக்காம எத்தீரியத்துல இருக்கிற 'செல்ஃப்டிஸ்ட்ரக்ட்' மாதிரி ஒரு கட்டளையும் சேர்த்துக்கோ. நிரல் தன்னைத்தானே அழிச்சுக்கும், எம்புட்டு அழகு! 2017 நவம்பர்ல, ஏகப்பட்ட பாரிட்டி வாலட்டுகள் நம்பியிருந்த ஒரு பொது நிரல் உரிமையாளர் பதியாமக் கிடந்துது. ஒரு ஆளு சும்மா நோண்டி, தானே உரிமையாளராப் பதிஞ்சு, அந்தக் கட்டளையையும் அமுக்கிட்டாரு. 5 லட்சம் ஈத்தருக்கு மேல பூட்டிக்கிட்டு. களவும் இல்லை, ஒருத்தனுக்கும் லாபமும் இல்லை. கட்டளையைத் தூக்கலாம்னா, அதை நம்பி எழுதின நிரலெல்லாம் ஏற்கெனவே ஓடுது. 2024 மார்ச்லதான் அது பல்லைப் பிடுங்கினாங்க, அதுவும் முழுசா இல்லை. மறு வருஷம், எத்தீரியத்தை உருவாக்கின விட்டாலிக் பூட்டரினே, 5 வருஷத்துல எத்தீரியம் பிட்காயினை ஒட்டி எளிமையாகணும்னு எழுதினாரு. உனக்கு அந்தக் கவலை எதுக்கு, சின்ன வயசு.

ஆமா, 'பின்னாடி தேவைப்படலாம்'னு உன் 140 பக்கத்துல 3 இடத்துல எழுதியிருக்கியாமே, உன் தங்கச்சி சொன்னா. அந்த மூணும் எதுக்குன்னு எனக்கு விளங்கும்படி சொல்லு பாப்போம். நடுவுல நான் தூங்கிட்டேன்னா அடிச்சிரு. என்னை இல்லைலே, அந்த வரியை.