கடைசி பெஞ்ச் காணவில்லை

பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய மார்க்கெல்லாம் கடைசி பெஞ்ச் போட்ட பிச்சை. முன்னால் உயரமான பையன் ஒருத்தன் அமைந்துவிட்டால் போதும், வாத்தியார் குரல் நமக்கு வரும், நம் கொட்டாவி அவருக்குப் போகாது.

2019 ஆகஸ்டில் அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. மறுவருஷம் கொரோனா வந்து எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அப்போதும் கடைசி பெஞ்சுக்கு ஆபத்து வரவில்லை. டிவி பாட்டுக்குப் பாடம் நடத்தும், நாம் பாட்டுக்கு முறுக்கு தின்னலாம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் ஆரம்பித்த என்பிடெல் பாடங்களும் அப்படித்தான். பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போவார், பரம சாது.

இப்போது வந்திருக்கிற ரகம் வேற. இதற்குக் கண்ணும் உண்டு, காதும் உண்டு. வீடியோவை எங்கே நிறுத்தினோம், எதைப் பார்க்காமல் தள்ளிவிட்டோம், எந்தக் கேள்வியில் முழித்தோம், அத்தனையும் கணக்கு வைக்கிறது. எனக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்பீர்கள். நான் ஒரு பட்டுச்சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். முதலாளி, "ஜிஎஸ்டி ஒழுங்காப் படிச்சுட்டு வாய்யா" என்றார். என் பொண்ணு, சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் படிக்கிறாள். பாடம் வீட்டில், பரீட்சைக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போகவேண்டும். அவள்தான் ஏதோ ஒரு ஆப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். அதில் பாடமும் வீட்டில், பரீட்சையும் வீட்டில். சௌகரியம் என்று நினைத்தேன்.

பாடம் எடுப்பது ஏஐ வாத்தியார். திட்டவே தெரியாது. இத்தனை காலம் கணக்கு எழுதிப் பிழைத்தவன், வரவு எந்தப் பக்கம், பற்று எந்தப் பக்கம் என்று ஒரு நாள் குழம்பிப்போய்க் கேட்டுவிட்டேன். "அருமையான கேள்வி!" என்றது. என் பழைய கணக்கு வாத்தியாராக இருந்தால் அந்த அருமையைப் பிரம்பால் காட்டியிருப்பார். இதனிடம் விடையை மட்டும் கறக்க முடியாது. அமெரிக்காவில் கான் அகாடமி 2023இல் விட்ட கான்மிகோவும் இதே ஜாதியாம். விடை சொல்லாது, நம்மையே திருப்பிக் கேள்வி கேட்டு யோசிக்க வைக்கும். உலகமே வியக்கிறது. என் வீட்டில் இது கல்யாணம் ஆன நாளிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

பரீட்சை நாள் வந்தது. இடம், எங்கள் முன்கூடம். வேறு இடம் கிடையாது, அங்கேதான் இன்டர்நெட் நிற்கும். தம்பியின் குழித்தறியும் அங்கேதான். தறியில் கோர்வைச் சேலை வேறு இருந்தது. கரைக்குத் தனி நிறம் என்பதால் ஓரத்தில் நாடா தள்ள இன்னொரு ஆளும் வேண்டும். அன்றைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னால், "கல்யாண ஆர்டர்ணே, நீ எழுது, நாங்க சத்தம் போடாம நெய்யறோம்" என்றான். சத்தம் போடாமல் தறி நெய்தவனைக் காஞ்சிபுரம் இதுவரை பார்த்ததில்லை.

ஆப், கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னது. காட்டினேன். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறவனுக்கு உயரம் ஏது? திரையில் என் முதுகுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு தலை மட்டும் தெரிந்தது. உடனே சிவப்பு எழுத்தில்: "ஒரு நபர் மறைந்திருக்கிறார்." தம்பி மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டான். அவனையும் உதவி ஆளையும் பின்கட்டுக்கு விரட்டினேன். அடுத்த உத்தரவு: "மேலே தொங்கும் குறிப்புத் தாள்களை அகற்றவும்."

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்குகிற ஓட்டை அட்டைகள்! ஓட்டை இருந்தால் ஒரு இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. மயிலும் யாளியும் சேலையில் வருவது அதனால்தான். பிரான்சில் 1804இல் ஜக்கார்டு என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு. ஓட்டை அட்டையை வைத்துத்தான் அமெரிக்காக்காரன் 1890இல் ஜனத்தொகை கணக்கை இயந்திரத்தில் போட்டான், பிறகு கம்ப்யூட்டரும் பல காலம் அதைத் தின்றுதான் வளர்ந்தது. ஆக, கம்ப்யூட்டர் தன் பாட்டனையே பிட்டு என்று பிடித்துக் கொடுத்திருக்கிறது. இதையெல்லாம் சாட்டில் விளக்கி எழுதினேன். "உங்கள் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று பதில் வந்தது. அட்டைகளின் மேல் மனைவியின் பழைய சேலையைப் போர்த்தினேன்.

ஒருவழியாகக் கேள்விகள் வந்தன. பட்டுத் துணிக்கு வரி எவ்வளவு? 5 சதவீதம், தெரியும், தட்டினேன். பட்டுத் துணியின் எச்எஸ்என் தலைப்பு எண் என்ன? தொண்டை வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. வழக்கம்போல முனகினேன், "ஐயாயிரத்து... ஐயாயிரத்து..."

"5007, ண்ணே!" என்று பின்கட்டிலிருந்து குரல்.

திரை அணைந்தது. இரண்டாவது குரல் கேட்டதால் பரீட்சை ரத்து என்று மெயில் வந்தது.

நான் பாடம் கேட்ட நாளெல்லாம் தம்பியும் தறியில் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறான். கட்டணம் கிடையாது, கேமரா கிடையாது, "அருமையான கேள்வி" கிடையாது. நான் தூங்கிய பாடங்களும் அவனுக்கு மனப்பாடம். பொண்ணு அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, "சித்தப்பா பேர்ல கட்டியிருக்கலாம்பா" என்றாள். விஷயம் எப்படியோ கடை வரைக்கும் போய்விட்டது. இப்போது வரிச் சந்தேகம் வந்தால் முதலாளி நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, குழிப்பக்கம் குனிந்து, தம்பியிடம் கேட்கிறார். போகும்போது என்னைப் பார்த்து, "நீயும் பக்கத்துல நின்னு கொஞ்சம் கேட்டுக்கய்யா" என்கிறார்.