பிடரியும் பேரமும்: ஜொக்ஜாவில் சில்லறை மிச்சம் பிடித்தல் குறித்த ஒரு பேராய்வு

1. தோற்றுவாய்

குறைந்த செலவில் ஊர் சுற்றுதல் என்னும் துறை இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை. இப்படித் தொடங்காத ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் திறந்தே பார்க்கமாட்டார் என்பதால் இப்படித் தொடங்கினேன். உண்மையில் ஆராய்ச்சிக்குக் குறைவே இல்லை. விடுதித் திண்ணையில் உட்கார்ந்து “நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?” என்று கேட்டு, கூடக் கொடுத்தவரைத் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு பார்க்கிறார்களே, அவர்கள் அத்தனை பேரும் இத்துறைப் பேராசிரியர்கள்தாம்.

ஆய்வுக்களம் யோக்யகார்த்தா. ஊர்க்காரர் வாயில் ஜொக்ஜா. 1755இல் கியாந்தி உடன்படிக்கைப்படி ஜாவாவின் மாத்தாராம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது, மங்குபூமி இளவரசர் முதலாம் ஹமெங்குபுவோனோ என்ற பட்டத்தோடு நிறுவிய தலைநகர். ஒரு நாட்டையே பேசிப் பங்கு போட்டுக்கொண்டவர்களின் ஊரில், ஒரு வண்டிச் சத்தத்தை என்னால் ஏன் பேசி முடிக்க இயலவில்லை? இதுவே ஆய்வு வினா.

2. மூலங்கள்

முதன்மை ஆதாரம் என் ‘சட்டைப்பை ஏடு’. அன்றாடச் செலவை எழுதிவைத்த சிறு குறிப்பேடு. இதற்கு இரு பதிப்புகள். முதற்பதிப்பு இப்போது கிடைப்பதில்லை. கிடைப்பது சலவைப் பதிப்பு. ஏட்டைச் சட்டையோடு துவைக்கப் போட்டதால் உண்டானது. மூலபாட ஆய்வாளர்கள் சலவைப் பதிப்பையே விரும்புவர். சிதைவு எங்கே அதிகமோ அங்கேதான் அடிக்குறிப்புக்கு இடமும் அதிகம்.

துணைமை ஆதாரம், விடுதியில் எனக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவரின் வாய்மொழி. அவர் ஜொக்ஜாவில் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே எதைக் கேட்டாலும் உறுதியாகச் சொன்னார். போய்ப் பார்த்தவருக்குக் கால்வலி, போகாதவருக்குக் கோட்பாடு என்பது எல்லாத் துறைக்கும் பொது.

3. பெயராய்வு

ஊர்ப்பெயருக்குள் அயோத்தி இருக்கிறது. இதில் சண்டை அதிகமில்லை. சண்டையெல்லாம் கடைத்தெருவான மாலியோபோரோவின் பெயரில். ஆங்கிலேயப் பிரபு மார்ல்பரோவின் பெயர் திரிந்தது என்பர் ஒரு சாரார். ஆங்கிலேயர் 1812இல் அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையிட்டவர்கள். போகிற போக்கில் தெருவுக்குப் பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது கொஞ்சம் கூடுதல் மரியாதை. அதற்கு முன்பே இருந்த பெயர் இது, ‘மாலை சூடிய’ எனப் பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது என்று வரலாற்றாசிரியர் பீட்டர் கேரி 1984இல் எழுதினார்.

இங்கே நம்மவர் ஒருவர் எழுந்தே தீர வேண்டும். இந்தோனேசியர் கப்பலைக் ‘காபால்’ என்கிறார்கள், கடையைக் ‘கெடாய்’ என்கிறார்கள், முதலீட்டு முதலை ‘மோடால்’ என்கிறார்கள். மூன்றும் நாம் கொடுத்தவை. இத்துடன் நிறுத்துபவர் மொழியியலாளர். நிறுத்தாதவர் விடுதியில் எனக்கு எதிர்க்கட்டில். மாலியோபோரோ என்பது ‘மாலைப்புறம்’ என்பதன் மரூஉ என அவர் இரவு 11 மணிக்கு நிறுவத் தொடங்கினார். அவர் நிறுவி முடித்தாரா என்பது தெரியாது. நான் தூங்கிவிட்டேன் (சட்டைப்பை ஏடு, தாள் 2, பேனா கோடிழுத்துக்கொண்டே கீழே போயிருப்பது காண்க).

4. உறைவிடம்

மலிவு அறைகளுக்கு இரண்டு பேட்டைகள்: ரயில் நிலையத்தை ஒட்டிய சோஸ்ரோவிஜயான் சந்துகள், தெற்கே பிரவிரோதாமான். குளியலறையில் தொட்டி நிறையத் தண்ணீர், மேலே மிதக்கும் ‘காயுங்’ என்னும் மக். தொட்டிக்குள் இறங்கி உட்காரும் ஐரோப்பியரைப் பற்றிக் கதைகள் உண்டு. மொண்டு ஊற்றிக் குளிக்கும் இந்த ஒரு பாடத்தில் நமக்கு முன்தகுதித் தேர்வு தேவையில்லை.

5. உணவு

குடெக்: பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்தது. சோற்றுக்குக் கூட்டாக வருவது இனிக்கிறதே என்று நாக்கு முதல் நாள் புகார் கொடுக்கும், மூன்றாம் நாள் திரும்பப் பெறும்.

பூனைச் சோறு: ‘நாசி குச்சிங்’. தள்ளுவண்டிக் கடையான அங்கிரிங்கானில் கைப்பிடிச் சோறும் கொஞ்சம் சம்பாலும் பொட்டலமாகக் கிடைக்கும். பூனை உள்ளே இல்லை, அளவுதான் பூனை. ஒன்று மலிவு. நான்கு தின்றால்தான் மனிதச் சோறு என்பதைச் சிக்கன நூல்கள் மறைக்கின்றன.

கோப்பி ஜோஸ்: தூகு ரயில் நிலையத்துக்கு வடக்கே, கொதிக்கும் காப்பியில் கனன்றுகொண்டிருக்கும் அடுப்புக்கரியைப் போட்டுக் கொடுப்பார்கள். போடும்போது வரும் ஓசையே பெயர். நம் தோசைக்கல்லில் கேட்பது ‘சொய்ங்’, அவர்கள் கோப்பையில் ‘ஜோஸ்’.

பக்பியா: பாசிப்பருப்புப் பூரணம் வைத்த பண்டம். கடைகளுக்குப் பெயருக்குப் பதில் எண்; பழைய வீட்டு எண்களே வணிகப் பெயராகிவிட்டன. நான் விலையென்று நினைத்து ஓர் எண்ணோடு பேரம் பேசினேன். மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

6. நினைவுச் சின்னங்கள்

போரோபுதூர்: 504 புத்தர் சிலைகள், 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள். நுழைவுச்சீட்டு விலையில் பேரம் கிடையாது. ஆகவே இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பிரம்பனான்: சிவன் கோயிலின் உயரம் 47 மீட்டர். மேற்படி.

7. பாத்திக் துணிக் கண்காட்சி

இன்றே கடைசி நாள் என்று தெருவில் ஒருவர் அன்போடு சொன்னார். மறுநாளும் சொன்னார்.

8. பேரவியல்

இனி ஆய்வின் உயிர்நிலை. பெச்சாக் என்பது மூன்று சக்கர மிதிவண்டி. நம் ரிக்‌ஷாவைத் திருப்பிப் போட்டதுபோல, பயணி முன்னால், ஓட்டுபவர் பின்னால். இதன் இலக்கணம்:

பேரம் என்ப நேரம் தின்று
சில்லறை ஈனும் சிறுவிலங் கதுவே.

நூற்பாவை இயற்றியவன் நானே. இதற்கு உரை கண்ட இருவரும் நானே. ஆயினும் எங்கள் மூவருக்கும் ஒத்துப்போவதில்லை.

முதல் உரைகாரர் முன்பேரக் கட்சி: “ஏறுமுன் பேசுக. என்னை? ஏறியபின் பேசுவது தாலி கட்டியபின் சீர் பேசுவதோடு ஒக்குமாகலின்.” இரண்டாம் உரைகாரர் பின்பேரக் கட்சி: “அற்றன்று. ஏறுமுன் பேசிய விலை ஏறியபின் எவருக்கும் நினைவிருப்பதில்லை. இறங்கிப் பேசுவதே அறிவுடைமை.” ஏறாமலே நடந்து போவதே சிக்கனம் என்பாரும் உளர். அவர் கட்டுரைக்கு ஆகமாட்டார் என்க.

8.1. மொழிநிலைக் கொள்கை. ஜாவா மொழியில் மரியாதைக்குப் படிகள் உண்டு. ‘எவ்வளவு’ என்பதற்கு ‘பிரோ’ என்றால் தோழன் பேச்சு, ‘பிந்தென்’ என்றால் பணிவுப் பேச்சு. பணிவோடு கேட்டால் உள்ளூர் விலை கிடைக்கும் என்றார் மேல்கட்டில்காரர் (வாய்மொழி, விடியல் 3.20, இரண்டு குறட்டைகளுக்கு இடையே). தந்தை வயதுள்ள ஓட்டுநரை ‘பாக்’ என்று விளித்து, “பிந்தென்?” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஜாவா மொழியிலேயே வேகமாக ஒரு நீண்ட பதில் சொன்னார். ஒரு சொல்கூட விளங்கவில்லை. படியேறிப் போய்க் கதவைத் தட்டியவன் வீட்டுக்காரர் வந்ததும் முழித்த கதை.

8.2. திசைக் கொள்கை. வடக்கே தூகு தூண், நடுவே கிராத்தோன் அரண்மனை, தெற்கே பங்குங் கிராப்யாக்: மூன்றையும் இணைக்கும் ஆறு கிலோமீட்டர் நேர்கோடு அண்டத்தின் அச்சு எனக் கருதப்படுகிறது. 2023இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தெற்கிலிருந்து அரண்மனைக்கு வருவது பிறந்து வளர்வது. தூகுவிலிருந்து அரண்மனைக்குப் போவது படைத்தவனிடம் திரும்புவது. அந்தக் கோட்டின்மீதுதான் மாலியோபோரோ கிடக்கிறது. மோட்டார் வாகனங்களுக்கு அது ஒருவழிப் பாதை, வடக்கிலிருந்து தெற்கே. ஆண்டவனிடம் போகலாம், வந்த வழியே திரும்ப முடியாது என்பதில் மெய்ஞ்ஞானமும் போக்குவரத்துக் காவலும் ஒன்றுபடும் ஊர் வேறில்லை. இத்தகைய பயணத்துக்கு நான் பத்தாயிரம் ரூப்பியா என்றேன். அவர் இருபத்தைந்தாயிரம் என்றார்.

8.3. பிடரிக் கொள்கை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பெச்சாக்கில் பயணிக்கு ஊர் தெரியும். ஓட்டுபவருக்குப் பயணியின் பிடரி மட்டுமே தெரியும். ஆண்டுக்கணக்கில் பிடரிகளையே பார்த்து மிதித்தவர் அவற்றை நாம் நாளிதழ் படிப்பதுபோல் படிக்க வேண்டுமல்லவா? வெள்ளையர் பிடரி எளிய பாடநூல்: வெளுப்பு என்றால் முதல் நாள், சிவப்பு என்றால் மூன்றாம் நாள், தோல் உரிந்தால் இரண்டாம் வாரம், இனி ஏமாறமாட்டார். என் பிடரியோ வெயிலுக்கு எதையும் விட்டுவைக்காத கருங்கல் கல்வெட்டு. காலக்கணிப்புக்கு உதவாது என்று இறுமாந்திருந்தேன். காலையில் குளித்துவிட்டுக் கழுத்தில் பூசிய பவுடரை மறந்துபோனேன் (சட்டைப்பை ஏடு, சலவைப் பதிப்பு, தாள் 9, பின்பக்கம், இடது ஓரம், சோப்பு நுரை காய்ந்த வட்டத்துக்கு நேர் கீழே, ஒப்புநோக்குக: மேல்கட்டில்காரர், வாய்மொழி, கொட்டாவிக்கு முந்திய பாடம். கொட்டாவிக்குப் பிந்திய பாடத்தில் ‘பவுடர்’ என்பது ‘படகு’ எனக் காணப்படுகிறது, எதிர்க்கட்டில் அறிஞர் இதைக் கொண்டு சோழர் கடற்படையை உள்ளே கொண்டுவருகிறார்).

நாற்பது நிமிடம் பேசினோம். நடுவில் தொண்டை வறண்டு இரண்டு கோப்பை ஐஸ் தேநீர் வாங்கினேன், ஒன்று அவருக்கு. இருபதாயிரத்தில் முடிந்தது. மிச்சம் ஐந்தாயிரம், நம் காசில் 30 ரூபாய்க்கும் குறைவு. தேநீர்ச் செலவு வேறு தலைப்பின்கீழ் வருவதால் இங்கே கழிக்கப்படவில்லை. நிதி பெறும் ஆய்வுத் திட்டங்களில் இதுவே வழக்கம்.

9. களச் சோதனை

இறங்கிய இடம் அரண்மனைக்குத் தெற்கேயுள்ள மைதானம், அலுன்-அலுன் கிடுல். நடுவே இரண்டு ஆலமரங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அவற்றினிடையே நேராக நடந்து கடந்தால் மனம் தூயது, எண்ணியது கைகூடும் என்பது ஊர் நம்பிக்கை. கண்கட்டுத் துணி வாடகைக்குக் கிடைக்கும். பேரம் பேசினேன், சிறிது.

கட்டிக்கொண்டு நடந்தேன். நேராகத்தான் நடந்தேன், இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. சுற்றிலும் சிரிப்பு கேட்டது, பிறருக்கானது என்று கொண்டேன். முழங்காலில் ஏதோ இடித்து நின்று துணியை அவிழ்த்தால், எதிரே அதே பெச்சாக். மரங்கள் இரண்டும் எனக்கு இடப்பக்கம் வெகு தொலைவில். வண்டி முதலில் நின்ற இடம் இதுவல்ல. நான் வந்து சேரும் இடத்தில் முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

எப்படித் தெரியும் என்று சைகையால் கேட்டேன். அவர் தம் பிடரியை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பிறகு, “மொங்கோ, மஸ்” என்று இருக்கையைத் துடைத்துவிட்டார். வாருங்கள் தம்பி என்பதுபோல.

திரும்பச் சத்தம் இருபத்தைந்தாயிரம், சுற்றுவழி என்றார். பேசாமல் ஏறினேன்.

10. முடிவு

பயணத்தின் மொத்த மிச்சம் ஏட்டின் கடைசித் தாளில் தெளிவாக எழுதிவைக்கப்பட்டிருந்தது. சலவைப் பதிப்பில் அவ்வரி பின்வருமாறு காண்கிறது: ‘மிச்சம்’ என்ற சொல், அதன்பின் ஒரு நீலக்கறை, அதன்பின் மூன்று பூச்சியங்கள். கறை இருக்குமிடத்தில் இலக்கம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. எதிர்க்கட்டில் அறிஞர் இதை ஏற்கவில்லை. பூச்சியங்கள் மூவருக்கும் உடன்பாடே.